முதுமை யந்திரத்திற்கா, இயங்குதளத்திற்கா?

தேயாத பொருள் பழையதாவது எங்ஙனம்?

கடற்கரையில் வாழ்கிறவர்களுக்கு மூப்பு என்பது கண்ணால் காணும் விஷயம். படகில் அடித்த ஆணி துருவேறுவதையும், வலைக்கயிறு இற்றுப்போவதையும், உப்புக்காற்று தீண்டிய சுவர்ப்பூச்சு பொரிந்து உதிர்வதையும் நாள்தோறும் பார்க்கிறவர்கள், ஒரு பொருள் பழையதாகிவிட்டது என்று கேட்டவுடன் அதன் ஏதோ ஒரு பாகம் தேய்ந்தோ அரித்தோ போயிருக்கவேண்டும் என்று கொள்வது முற்றும் நியாயமே. ஆயினும், அந்தோணியார் கோயிலுக்கும் சுயம்புலிங்க சுவாமி கோயிலுக்குமாகத் தொலைதூரத்து ஜனங்கள் வந்துபோகிற உவரியில், தமிழ்நாட்டின் பிற ஊர்களிற்போலவே, வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஓய்ந்து கிடக்கும் ஒரு சாதனத்திற்கு இந்த நியாயம் முழுவதும் பொருந்துவதில்லை. தமிழ்நாட்டரசு 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி தொடங்கிய திட்டத்தின்கீழ், அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பயின்ற மாணவர்களுக்கு எல்காட் நிறுவனத்தின் வாயிலாக வழங்கப்பட்டு, ‘அம்மா லேப்டாப்’ என்றே மக்கள் வழக்கில் பெயர் நிலைத்துவிட்ட மடிக்கணினியையே குறிப்பிடுகிறேன்.

வந்த புதிதில் சுறுசுறுப்பாக எழுந்து நின்ற அந்த யந்திரம், சில வருஷங்களுக்குப் பின், விசையை அழுத்திவிட்டு அடுக்களைக்குப் போய்த் தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் விழித்துக்கொள்ளாத நிலையை அடைகிறது. அதைத் திசையன்விளைக்கோ வள்ளியூருக்கோ எடுத்துச்சென்றால் ஒரு கடைக்காரர், “ஒண்ணுமில்ல அண்ணாச்சி, ஓ.எஸ். போட்டாச் சரியாயிரும்” என்பார், மாலைக்குள் அது மெய்யாகவே சரியாகித் திரும்பிவரும். மற்றொருவரோ, “இதுல இருக்கிற விண்டோஸே பழசாயிட்டு, இனிமே பேங்க் சைட்டெல்லாம் தொறக்காது, புதுசு ஒண்ணு வாங்கிருங்க” என்பார். முதலாமவர் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றவில்லை. ஒரு பாகத்தையும் மாற்றவில்லை. அவ்வாறாயின் வேகம் எங்கிருந்து வந்தது? இரண்டாமவர் பழையதாகிவிட்டது என்று சொன்ன பொருளோ, தேயவும் துருவேறவும் இடமில்லாத வெறும் கட்டளைத் தொகுதி. அன்று எழுதப்பட்டவாறே இன்றும் எழுத்துப் பிசகாமல் இருப்பது. அதற்கு மூப்பு எப்படி வந்தது?

இவ்விரண்டு வினாக்களுக்கும் விடை வேறுவேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதாலேயே, இன்னும் பல வருஷம் உழைக்கக்கூடிய யந்திரங்கள் பழைய சாமான் கடைக்குப் போகின்றன என்பது என் அபிப்பிராயம்.

இடைநிற்பவரின் வேலை

இயங்குதளம் என்று நூல்களும் ‘ஓ.எஸ்.’ என்று கடைவீதியும் வழங்குகிற பொருள் யாதென்று முதலில் தெளிந்துகொள்வோம். காலையில் மீன்பிடி வள்ளங்கள் கரைசேர்ந்ததும், பிடித்துவந்தவர்களும் வாங்கவந்தவர்களும் ஒருவரோடொருவர் முட்டிமோதிக்கொள்ளாமல், நடுவில் ஏலம் கூறுகிறவர் ஒருவர் நின்று, எந்தக் குவியல் முன்னே, எது பின்னே, யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிப்பதை உவரிக் கரையில் காணலாம். கணினிக்குள் அந்த இடத்தில் நிற்பது இயங்குதளம். ஒருபுறம் செயலி, நினைவகம், சேமிப்புத் தட்டு, திரை, விசைப்பலகை ஆகிய ஸ்தூலமான பாகங்கள். மறுபுறம் எழுதுவதற்கும் படம் பார்ப்பதற்கும் வலைத்தளம் திறப்பதற்கும் நாம் உபயோகிக்கிற நிரல்கள். நிரல் எதுவும் பாகம் எதையும் தானே நேராகத் தொடுவதில்லை. ‘இந்தக் கோப்பைத் தா’, ‘இவ்வளவு இடம் ஒதுக்கு’ என்று நடுவில் நிற்பதனிடம் விண்ணப்பித்தே பெறுகிறது. ஒவ்வொரு பாகத்தின் பாஷையையும் அறிந்து பேசுவதற்கு, ‘டிரைவர்’ எனப்படும் சிறு துணைநிரல் ஒவ்வொன்றை இயங்குதளம் தன்னோடு வைத்துக்கொள்கிறது.

இந்த ஏற்பாட்டிலிருந்து ஒரு நன்மை தானே விளைகிறது: பாகங்களைத் தொடாமல் இயங்குதளத்தை மட்டும் பெயர்த்தெடுத்து, அவ்விடத்தில் வேறொன்றை நிறுவலாம். ஓ.எஸ். போடுவது என்று கடைக்காரர் சொல்லும் காரியம் இதுவே.

முதல் 512 பைட்டுகள்

விசையை அழுத்தியவுடன் இயங்குதளம் விழித்துக்கொள்வதில்லை. தாய்ப்பலகையில் பதிந்துள்ள ஒரு சில்லில் நிரந்தரமாக எழுதப்பட்ட சிறு நிரலே முதலில் எழுகிறது. அது பாகங்களைப் பரிசோதித்துவிட்டு, பழைய முறையில் அமைந்த கணினிகளில், சேமிப்புத் தட்டின் முதற்பகுதியாகிய 512 பைட்டுகளை மாத்திரம் எடுத்துப் படிக்கும். ஒரு பைட்டு ஓர் ஆங்கில எழுத்துக்கு ஆகும் இடம். ஆகவே ஒரு தபால் கார்டில் எழுதக்கூடிய அளவே அது. அதிலும் 446 பைட்டுகளே கட்டளைக்கு உரியவை. அடுத்த 64இல் தட்டு எத்தனை பாகமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்னும் அட்டவணை. கடைசி இரண்டில் 85, 170 என்ற இரண்டு எண்கள் அடையாள முத்திரையாக நிற்கின்றன. அம்முத்திரை காணப்படாவிடில், தட்டில் லட்சக்கணக்கான கோப்புகள் பத்திரமாக இருந்தபோதிலும், கிளம்புவதற்கு இயங்குதளமே இல்லை என்று கணினி கறுப்புத் திரையில் எழுதிக்காட்டிவிட்டு நின்றுவிடும்.

அரசு மடிக்கணினிகளின் வரலாற்றில் இந்த 446 பைட்டுகளுக்கு ஒரு விசேஷமான இடமுண்டு. தொடக்கத்தில் வந்த மடிக்கணினிகளில் விண்டோஸ் 7உடன், சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் வகை இயங்குதளமும் சேர்த்து நிறுவப்பட்டிருந்தது. இரண்டில் எது வேண்டும் என்று தொடக்கத்தில் கேட்கிற சிறு நிரல், தன் முதலடியை அந்த 446 பைட்டுகளில்தான் வைத்திருந்தது. கடையில் விண்டோஸை மறுபடி நிறுவியபோது, அது பிறர் எழுதியிருந்ததைப் பாராட்டாமல் அவ்விடத்தில் தன் கட்டளையை எழுதிக்கொண்டது. அதுமுதல் கேள்வியும் இல்லை, பாஸும் இல்லை. ‘அழிந்துபோய்விட்டது’ என்றே பலரும் எண்ணினார்கள். உண்மையில் தட்டைப் பிரிக்காமல் வேலை செய்திருந்தால் பாஸ் தன் பகுதியில் முழுமையாகவே இருந்திருக்கும். அதை அழைப்பதற்கு ஒருவருமில்லை, அவ்வளவே. பென் டிரைவிலிருந்து ஒரு லினக்ஸைக் கிளப்பி, அந்த முதலடியை மீண்டும் எழுதிவிட்டால் அது திரும்பிவரும். இரண்டு இயங்குதளங்களை ஒரே யந்திரத்தில் வைக்க விரும்புகிறவர்கள் முதலில் விண்டோஸையும் பிறகு லினக்ஸையும் நிறுவவேண்டும் என்னும் வழக்கத்திற்குக் காரணம் இதுவே. லினக்ஸ் தனக்கு முன் இருந்ததைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையது.

தாமதத்தின் கணக்கு

இனி, வேகம் எங்கே போயிற்று என்பதை ஒரு சிறு கணக்கால் ஆராய்வோம். நம் உதாரணமாக, 2 ஜி.பி. நினைவகமும், நிமிஷத்திற்கு 5400 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் உடைய ஒரு மடிக்கணினியை எடுத்துக்கொள்வோம்.

அந்தத் தட்டு ஒரு விநாடியில் 90 முறை சுழல்கிறது. ஆகவே ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லி விநாடி ஆகும். மில்லி விநாடியாவது விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. வேண்டிய தகவல் தட்டின் எந்தப் பக்கத்தில் இருக்கும் என்று சொல்லமுடியாதாகையால், படிக்கும் முனை சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லி விநாடி, காத்திருக்கவேண்டும். அதற்கு முன் அம்முனை உரிய வளையத்திற்கு நகர்ந்து செல்ல ஒரு 12 மில்லி விநாடி என்று கொண்டால், சிதறிக்கிடக்கும் ஒரு துண்டுத் தகவலை எடுக்க ஏறத்தாழ 17 மில்லி விநாடி செலவாகிறது. இயங்குதளம் எழுந்து நிற்பதற்குள் இப்படிப்பட்ட 10,000 துண்டுகளைத் தேடி எடுக்கவேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 170 விநாடி. ஏறக்குறைய மூன்று நிமிஷம். செயலி எவ்வளவு வேகமானதாயிருந்தாலும் இந்த மூன்று நிமிஷத்தில் பெரும்பகுதியை அது கைகட்டிக்கொண்டு சும்மா நின்றே கழிக்கிறது.

புதிதாக நிறுவியபோது எடுக்கவேண்டிய துண்டுகள் குறைவு. அவை தட்டில் அடுத்தடுத்தும் கிடந்தன. வருஷங்கள் செல்லச்செல்ல, தொடக்கத்திலேயே தாமும் எழவேண்டும் என்று பதிவுசெய்துகொண்ட நிரல்கள் பெருகுகின்றன: அச்சுப்பொறிக்கு ஒன்று, செல்பேசி இணைக்க ஒன்று, வைரஸ் தடுப்புக்கு இரண்டு, யார் எப்போது சேர்த்தார் என்றே தெரியாத விளம்பரக் கருவிகள் சில. இயங்குதளத்தின் திருத்தங்களும் பழைய பிரதிகளை முற்றும் அகற்றாமலே வந்து சேர்கின்றன. இவற்றினும் கொடியது நினைவகம் போதாமற்போவது. 2 ஜி.பி. நிறைந்துவிட்டால், அப்போதைக்கு வேண்டாதவற்றை இயங்குதளம் ஹார்ட் டிஸ்கில் ஒரு மூலையில் எழுதிவைத்துவிட்டு, வேண்டும்போது திரும்ப எடுக்கிறது. ஒவ்வொரு எடுப்புக்கும் மறுபடியும் அதே 17 மில்லி விநாடி. ‘ஹேங் ஆகிறது’ என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் நடப்பது இந்த ஓயாத இடமாற்றமே.

ஆகவே, ஓ.எஸ். போட்டவுடன் வேகம் வந்ததன் ரகசியம் யாதெனில், சுமை இறக்கப்பட்டது என்பதே. யந்திரம் இளமை பெற்றுவிடவில்லை. பழைய வழக்கப்படியே மறுபடியும் நிரல்களை ஏற்றினால் சில மாதங்களில் பழைய மந்தம் மீளும். இதற்கு ஸ்திரமான பரிகாரம் வேறு. சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. என்னும் திண்மத் தட்டில், ஒரு துண்டை எடுக்கப் பத்தில் ஒரு மில்லி விநாடி போதும். அதே 10,000 துண்டுகளுக்கு ஒரே ஒரு விநாடி! மடிக்கணினியின் அடிமூடியைத் திறந்து, 2.5 அங்குல அளவுள்ள பழைய தட்டைக் கழற்றி, அவ்விடத்தில் அதே அளவுள்ள எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தி, நினைவகத்தையும் 4 ஜி.பி. ஆக்கிவிட்டால், கடைக்காரர் கைவிட்ட யந்திரம் அன்றாட எழுத்துவேலைக்கும் பாடம் படிப்பதற்கும் தாராளமாக உதவும்.

நகராத யந்திரமும் நகரும் உலகமும்

இரண்டாவது வினாவுக்கு வருவோம். கட்டளைகள் தேய்வதில்லை என்பது மெய்; ஆயின் அவற்றைச் சூழ்ந்த உலகம் ஓரிடத்தில் நிற்பதில்லை. விண்டோஸ் 7 வெளிவந்தது 2009 அக்டோபர் 22இல்; அதற்குப் பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது 2020 ஜனவரி 14இல். விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு அந்த நாள் 2014 ஏப்ரல் 8. அதையொட்டித் தமிழ்நாட்டரசு தன் துறைகளைப் பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி பணித்தது. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14இல் அந்த நாள் வந்து சென்றது. அந்த நாளில் கணினிக்குள் எதுவும் மாறுவதில்லை; நேற்று ஓடியது போலவே இன்றும் ஓடும். நின்றுபோவது ஒன்றே ஒன்று: புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க அனுப்பப்படும் திருத்தங்கள்.

கோடிக்கணக்கான வரிகளால் ஆகிய கட்டளைத் தொகுதியில், எழுதியவர்களே அறியாத ஓட்டைகள் இல்லாதிருப்பது சாத்தியமன்று. இதில் சூக்ஷ்மமான ஓர் ஆபத்து என்னவெனில், புதிய இயங்குதளத்துக்கு ஒரு திருத்தம் வெளியிடப்படும்போது, ஓட்டை எங்கே இருந்தது என்பதும் அத்திருத்தத்தாலேயே உலகறிய வெளிப்பட்டுவிடுகிறது. பழையதும் புதியதும் ஒரே மூதாதையிலிருந்து வந்தவையாதலால், அதே ஓட்டை பழையதிலும் இருக்கக்கூடும். அங்கே அடைக்க ஆளில்லை.

2017ஆம் ஆண்டு மே 12ஆம் தேதி உலகெங்கும் பரவிய ‘வான்னாகிரை’ என்னும் நாசநிரல், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. நம் பக்கத்தில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் சில கணினிகளும் தப்பவில்லை. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டிருந்தது மார்ச் 14ஆம் தேதி. அதாவது 59 நாள் முன்னதாக. அடிபட்டவற்றுள் மிகப் பெரும்பாலானவை, எக்ஸ்.பி. ஓடிய பழங்கணினிகள் அல்ல. அன்று ஆதரவு முடியாமலிருந்த விண்டோஸ் 7 உடையவையே. திருத்தம் வந்திருந்தும் ஏற்றிக்கொள்ளாதவை அவை. ஆகவே ஓர் இயங்குதளம் பழையது என்பதைவிட, அது திருத்தம் பெறுகிறதா இல்லையா என்பதே கேட்கத்தக்க கேள்வி.

வங்கித் தளம் திறவாமைக்குக் காரணம் இதனோடு உறவுடையதே. வலைத்தளங்களுடன் ரகசியமாகப் பேசும் முறைகள் காலத்துக்குக் காலம் வலுப்படுத்தப்படுகின்றன; பழைய உலாவிக்கு அப்புதிய முறை தெரியாது. விண்டோஸ் 7இல் ஓடக்கூடிய கடைசிக் குரோம் உலாவி 109ஆம் பதிப்பு. அது 2023 ஜனவரியில் வந்தது, அதற்குப் பின் வந்தவை ஒன்றையும் விண்டோஸ் 7 ஏற்காது.

உப்பு செய்யும் மாயம்

இயங்குதளத்தைக் குற்றம் சொல்வதற்குமுன் உவரியின் காற்றையும் விசாரிக்கவேண்டும். அலை சிதறும் நீர்த்துளி காற்றில் உலர்ந்து எஞ்சும் உப்புத்துகள், காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும் ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்து, விழுந்த இடமெல்லாம் மின்சாரம் கடத்தும் மெல்லிய படலமாகிறது. கடலோர இரவுகளில் இந்த அளவு எளிதில் எட்டப்படும். நினைவகப் பட்டையின் விளிம்பிலுள்ள பொன்முலாம் துருவேறாததேயாயினும், அம்முலாம் மிக மெல்லியது. அதன் நுண்துளைகளின் வழியே அடியிலுள்ள உலோகம் அரிக்கப்பட்டு மேலே கறை படியும். விளைவு: திரை வராமை, நடுவில் அணைந்துபோதல், நீலத் திரை. ஓ.எஸ். பத்துமுறை போட்டாலும் இது தீராது. பட்டையைக் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் அந்த விளிம்பை மெல்லத் துடைத்து மறுபடியும் பொருத்துவது கடைகளில் தொன்றுதொட்டு நடக்கும் வைத்தியம். ஆச்சரியப்படத்தக்க அளவுக்குப் பலன் தருவதும்கூட.

இன்னொன்று, ஏமாற்றுவதில் இதனினும் வல்லது. கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரம் ஓடும்பொருட்டு, தாய்ப்பலகையில் பட்டன் வடிவமான ஒரு 3 வோல்ட் மின்கலம் இருக்கிறது. பல வருஷம் கிடந்து அது தீர்ந்துபோனால், ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் கணினி இது 2012 என்றோ அதற்கும் முந்திய ஆண்டு என்றோ எண்ணிக்கொள்ளும். வலைத்தளங்கள் தம் அடையாளத்துக்குக் காட்டும் சான்றிதழ்களில் ‘இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை’ என்று எழுதியிருக்கும். 2012இல் வாழும் கணினிக்கு அச்சான்றிதழ்கள் யாவும் இனிமேல் பிறக்கவிருப்பவை. ஆதலால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘பாதுகாப்பற்றது’ என்றே எச்சரிக்கும். உடையவர் இயங்குதளம் கெட்டுவிட்டதென்று கடைக்கு எடுத்துச்செல்வார். திரையின் மூலையில் உள்ள தேதியை ஒருமுறை பார்த்திருந்தால் போதும்.

ஒரு மடிக்கணினியின் சிகிச்சை

இனி நம் உதாரண யந்திரத்தைப் படிப்படியாகச் செப்பனிடுவோம். முதற்படி, எதையும் அழிக்காமல் கிளப்பிப் பார்ப்பது. நண்பர் ஒருவரின் நல்ல கணினியில், இலகுவான ஒரு லினக்ஸின் கோப்பை அதை உருவாக்கியவர்களின் தளத்திலிருந்தே இறக்கி, ரூஃபஸ் போன்ற ஒரு கருவியால் பென் டிரைவில் எழுதிக்கொள்ளவேண்டும். அந்த டிரைவைச் செருகி, தொடங்கும்போது பல மடிக்கணினிகளில் எஃப் 12 என்னும் விசையை அழுத்தினால், எதிலிருந்து கிளம்புவது என்று கேட்கும். பென் டிரைவைத் தேர்ந்தால், ஹார்ட் டிஸ்கைத் தொடாமலே ஒரு முழு இயங்குதளம் நினைவகத்தில் எழுந்து நிற்கும். அப்படி எழுந்தது தடையின்றி ஓடுமாயின் செயலியும் நினைவகமும் திரையும் குற்றமற்றவை என்று தீர்மானிக்கலாம். அப்போதும் அது நடுவில் அணைந்தால் குற்றம் ஸ்தூல பாகங்களிலேயே.

இரண்டாம் படி, ஹார்ட் டிஸ்கின் நாட்குறிப்பைப் படிப்பது. எத்தனை மணி நேரம் ஓடினோம், எத்தனை இடங்கள் கெட்டு மாற்றிடம் அமர்த்தினோம் என்று ஒவ்வொரு தட்டும் தனக்குள் எழுதிவைக்கிறது. ‘ஸ்மார்ட்’ என்பது அதன் பெயர். கெட்ட இடங்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தால், அத்தட்டில் மறுபடியும் இயங்குதளத்தை நிறுவுவது வீண்வேலை.

மூன்றாம் படியே எல்லாவற்றிலும் முக்கியமானது, கோப்புகளைப் பிரதியெடுப்பது. ‘சி டிரைவை மட்டும்தான் அழிப்பேன், டி டிரைவில் இருப்பது இருக்கும்’ என்று கடைக்காரர் சொல்வது மெய்யே. ஆனால் டெஸ்க்டாப்பில் வைத்த படங்களும், ‘மை டாக்குமென்ட்ஸ்’ என்னும் உறையில் உள்ளவையும் சி டிரைவிலேயே வாழ்கின்றன என்பது உடையவருக்குத் தெரிவதில்லை. முதல் நற்கருணை விழாவின் புகைப்படங்களும் கல்லூரித் திட்டப்பணியும் இவ்வாறு மறைந்த வீடுகள் பல. தவறி அழிந்துவிட்டால் உடனே கணினியை அணைத்துவிடுவது நலம். விரைவு முறையில் பார்மட் செய்யும்போது அழிவது பெரும்பாலும் அட்டவணை மட்டுமே, உள்ளடக்கம் மேலே வேறொன்று எழுதப்படும்வரை கிடக்கும். மீட்கும் நிரல்கள் அதைத் தேடி எடுக்கக்கூடும். புதிய இயங்குதளத்தை நிறுவி முடித்தபின் தேடினால் கிடைப்பது அற்பமே.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு உரிய ஓர் எச்சரிக்கையை இங்கே சொல்லியாகவேண்டும். யூனிகோடு பரவுவதற்கு முன் வானவில், பாமினி முதலிய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆவணங்கள், திருவிழா அழைப்பிதழ் அச்சிடும் கடைகளிலும் பழைய அலுவலகங்களிலும் இன்றும் ஏராளம். அக்கோப்புகளுக்குள் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளி முதலிய குறிகளுமே இருக்கின்றன, அவற்றுக்குத் தமிழ் உருவத்தை அணிவிப்பது எழுத்துரு. அந்த எழுத்துரு குடியிருப்பதோ சி டிரைவில், விண்டோஸ் உறைக்குள். ஓ.எஸ். போட்டதும் அது போய்விடும். கோப்பைப் பத்திரமாகப் பிரதியெடுத்தவர்களும் மறுநாள் திறந்து, ஒரு வரியும் படிக்கமுடியாமல் திகைப்பார்கள். ஆவணங்களோடு ‘ஃபான்ட்ஸ்’ என்னும் உறையையும் பிரதியெடுத்துக்கொண்டால் இத்துன்பமில்லை. வசதியுள்ளபோது அவற்றை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வது அதனினும் நலம்.

இதன் பின் நிறுவுவது எளிது. எந்தத் தட்டில், எந்தப் பகுதியில் என்று திரையில் கேட்கும் ஒரு வினாவுக்கு மட்டும் நிதானமாக விடையளித்தால், மற்றவை தாமே நடக்கும்.

எதை நிறுவுவது?

விண்டோஸ் 11 நம் யந்திரத்திற்குக் கிட்டாது. டி.பி.எம். 2.0 என்னும் காப்புச் சில்லும், குறைந்தது 4 ஜி.பி. நினைவகமும், அதன் பட்டியலிலுள்ள பிற்காலத்துச் செயலியும் அதற்கு வேண்டும். குறுக்கு வழியில் ஏற்றுகிறவர்கள் உண்டு, நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். விண்டோஸ் 10 ஓடும், ஆனால் அதன் காலமும் கடந்துவிட்டது. ‘ஆக்டிவேட்டர்’ சேர்த்த திருட்டுப் பிரதிகளைப் பற்றிச் சொல்லவேண்டியது ஒன்றே: இயங்குதளத்தின் காவலையே உடைத்துக்கொண்டு உள்ளே வருகிற நிரல், வந்தபின் வேறென்ன செய்யும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

நம் யந்திரத்திற்கு இலகுவான லினக்ஸே தக்கது என்பது என் தீர்ப்பு. இன்றும் திருத்தங்கள் பெறுவது, விலையற்றது, தமிழைப் பிழையின்றிக் காட்டுவது; பெரும்பாலான டிரைவர்களைத் தன்னுள்ளேயே கொண்டுவருவது. செயலி 64 பிட் வகையினதா என்று மட்டும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளவேண்டும். ‘டெபியன்’ என்னும் லினக்ஸ் வகையில், 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்பு முதல், 32 பிட் கணினிகளில் புதிதாக நிறுவுவதற்குரிய வசதி நிறுத்தப்பட்டுவிட்டது. விண்டோஸில் மட்டுமே ஓடும் கணக்கு நிரல் ஒன்றைப் பிழைப்புக்கு நம்பியிருப்பவர்கள், அந்தப் பழைய விண்டோஸை அப்படியே வைத்து, இணையத்தோடு இணைக்காமல் உபயோகிக்கலாம். இணைப்பைப் பிரித்துவைத்தல் பாமர உபாயம் என்று யாரும் எண்ணவேண்டாம். உவரிக்குத் தென்மேற்கே அதே கடற்கரையில் நிற்கும் கூடங்குளம் அணுமின் நிலையத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகம், 2019இல் தன் கணினி ஒன்றில் நாசநிரல் காணப்பட்டதை ஒப்புக்கொண்டபோது சொன்னது இதுவே: பாதிக்கப்பட்டது இணையத்தோடு தொடர்புள்ள நிர்வாகப் பிணையத்தைச் சேர்ந்த கணினி, முக்கியமான உட்பிணையம் அதினின்று தனித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் பென் டிரைவ் போக்குவரத்து இருக்கும்வரை எந்தத் தனிமையும் பூரணமாகாது என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ளவேண்டும்.

கடைக்குக் கொடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எஸ்.எஸ்.டி. மாற்றிக்கொண்டபின், கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்கைக் கேட்டு வாங்கிவாருங்கள். உங்கள் படங்களும் கடவுச்சொற்களும் சான்றிதழ் நகல்களும் அதில் அப்படியே இருக்கின்றன. ஸ்மார்ட் குறிப்பு நன்றாயிருந்தால், ஒரு யு.எஸ்.பி. உறைக்குள் அதைப் போட்டு வீட்டுக் கோப்புகளுக்கு இரண்டாம் பிரதி வைத்துக்கொள்ளலாம்.